மேட்டுச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

வீட்டை அழகாக்கச் சொல்லித்தரும் புத்தகங்கள் பெரும்பாலும் வெயில் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. தமிழ்நாட்டிலிருந்து வரும் வாஸ்து நூல்கள் காற்றை வரவிடச் சொல்கின்றன. கோலாலம்பூர் இதழ்களில் காணும் வீடுகளில் பளிங்குத் தரையும் மெல்லிய வெள்ளைத் திரைகளும் இருக்கும். இரண்டுமே புழுக்கத்திலிருந்து தப்பிக்கும் வழிகள். கம்போங் ராஜாவில் நமக்குப் புழுக்கமே கிடையாது. சிம்பாங் பூலாயிலிருந்து ஏறி வரும் சாலை கேமரன் மலையைத் தொடும் இந்த வடமுனையில், ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில், பகல் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம். இரவில் 15 டிகிரிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சில நாள் அதற்கும் கீழே இறங்கும். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மழை பெய்யாத நாளிலும் மாலையில் மூடுபனி இறங்கிவிடும். இங்கே வெள்ளைத் திரை மாட்டினால் கொஞ்ச நாளில் அதன் ஓரத்தில் கறுப்புப் புள்ளி விழும். பளிங்குத் தரை போட்டால் காலையில் கால் விறைக்கும்.

ஆகவே இந்த மலையில் மனத்துக்குத் தெம்பு தரும் வீடு என்றால் முதலில் அது உலர்ந்திருக்க வேண்டும், அடுத்து குளிர் அடங்க வேண்டும், அதற்கடுத்து வெளிச்சம் வேண்டும். இந்த வரிசை மாறக்கூடாது என்பதைத்தான் இந்த அத்தியாயம் முழுக்க வற்புறுத்தப்போகிறேன். சோபா, திரை, சுவர்ப்படம் எல்லாம் அதற்கப்புறம். ஈர வீட்டில் 3,000 வெள்ளிக்குத் தவணையில் சோபா வாங்கிப் போட்டால், தவணை முடிவதற்குள் அதன் முதுகுப்புறம் பூசணம் பிடித்துவிடும்.

“சுவர் ஈரத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஈரமும் பூசணமும் உள்ள வீட்டில் மூச்சுத்திணறலும் இருமலும் கூடுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது. அறிக்கையை விடுங்கள், வீட்டுக்குள் நடப்பதைப் பாருங்கள். பிள்ளை இரவெல்லாம் இருமினால் அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. தூங்காத அம்மா விடியற்காலையில் கொழுந்து எடுக்கவோ காய்கறித் தோட்டத்துக்கோ போய்விட்டுத் திரும்பும்போது, வாசலில் கிடக்கும் செருப்புகூட எரிச்சலைக் கிளப்பும். வீட்டில் சண்டை வருவதற்குக் காரணம் குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி நேரம் காரணம் தூக்கமின்மை. அந்தத் தூக்கமின்மைக்குக் காரணம் சுவர்.

பின்பக்கச் சுவர்

சரிவை வெட்டித் தட்டையாக்காமல் இங்கே எதையும் கட்ட முடியாது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை மேலே வந்து சேர்ந்தது. அந்தக் காலத்து லயங்களும் இன்றைய தாமான் வீடுகளும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுதான்: ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் வெட்டிய மேடு. மேட்டைப் பார்த்த சுவர் எப்போதும் குளிர்ந்திருக்கும். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி அந்தச் சுவரின் அடியில் வந்து முட்டும்.

துணி அலமாரியைப் பெரும்பாலான வீடுகளில் அந்தச் சுவரோடு ஒட்டித்தான் வைத்திருப்பார்கள். அறை சின்னது, வேறு இடம் கிடையாது. அதை ஒரு முழம் இழுத்துப் பாருங்கள். பலகையின் முதுகில் சாம்பல் பச்சையாகப் படர்ந்திருக்கும். கை வைத்தால் மாவாக ஒட்டும். அடித்தட்டில் மடித்து வைத்த கல்யாணப் பட்டுப்புடவையின் மடிப்பில் பழுப்புக் கறை ஏறியிருக்கும். தாத்தா தஞ்சாவூரிலிருந்து கொண்டுவந்த புகைப்படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பிரித்தால் முகம் கிழிந்துவிடும். அறைக்குள் நுழைந்ததும் வரும் மக்கிய வாடை அங்கிருந்துதான் வருகிறது. அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போயிருக்கும், விருந்தாளிக்குத்தான் தெரியும்.

சுவர் வேர்க்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் ஈரம் வரும் வழி இரண்டு, வைத்தியமும் வேறுவேறு. மண்ணிலிருந்து ஊறி வருகிறதா, வீட்டுக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறதா என்று முதலில் பாருங்கள். அதற்குச் சோதனை எளிது. சுவரை ஓரிடத்தில் துணியால் நன்றாகத் துடைத்து, சமையலுக்குப் பயன்படுத்தும் அலுமினியத் தாளில் ஒரு சாண் அளவு வெட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் வீட்டுக் காற்றிலிருந்து வருகிறது. உரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு வேலையும் செய்ய வேண்டும். கம்போங் ராஜாவில் அதற்கும் தயாராக இருங்கள்.

மண்ணிலிருந்து வரும் ஈரத்துக்கு வீட்டுக்குள் வைத்தியம் கிடையாது. கடையில் விற்கும் எண்ணெய்ப் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்து மூடிவிடலாம் என்று நினைப்பார்கள். உள்ளே அடைபட்ட ஈரம் சில மாதத்தில் கொப்புளம் கொப்புளமாகப் பெயிண்டைத் தள்ளிவிடும். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் மண், விறகு, பழைய தகரம், உடைந்த கூடை எல்லாவற்றையும் அகற்றுங்கள். பின்பக்க லோங்காங்கில் இலையும் சேறும் அடைத்திருக்கும். அதை அடிவரை சுரண்டி, தண்ணீர் தேங்காமல் பள்ளப்பக்கம் ஓடுகிறதா என்று ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள். கூரைத் தண்ணீர் நேராகச் சுவரடியில் கொட்டினால், தகர வாய்க்கால் மாட்டி அதைத் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். பத்து நாள் சம்பளத்தில் வாங்கும் எந்த அலங்காரப் பொருளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யும் இந்த மண்வேலை அளவுக்கு வீட்டை மாற்றாது. சுவர் காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். மிச்ச ஈரத்தை அது மூச்சுவிட அனுமதிக்கும். நம் பாட்டிமார் பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்ததில் இந்த அறிவும் இருந்தது.

மேட்டைப் பார்க்கப் போகும்போது இன்னொன்றையும் பாருங்கள். 2024 ஜனவரியில் நம் ஊரை ஒட்டிய புளூ வேலி பகுதியில் அதிகாலை மண்சரிவில் மியன்மார் தொழிலாளர்கள் ஐந்து பேர் புதைந்து இறந்தார்கள். பிழைக்க வந்த பிள்ளைகள். மேட்டில் புதிதாக வெடிப்பு விட்டிருந்தால், மரமோ கம்பமோ சாய்ந்திருந்தால், இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் ஊற்றெடுத்தால், நன்றாக மூடிக்கொண்டிருந்த கதவு திடீரென்று இறுகினால், அது பழுது பார்க்கும் நேரமில்லை. பிள்ளைகளோடு வெளியேறி, மேட்டிலிருந்து விலகிய பக்கம் போய், 999-க்குச் சொல்லுங்கள். பொருளை எடுக்கத் திரும்பி உள்ளே போகாதீர்கள்.

வீட்டுக்குள் பிறக்கும் ஈரம்

நான்கு பேர் உள்ள குடும்பம் சமைத்து, குளித்து, மூச்சுவிட்டே ஒரு நாளைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. துவைத்த துணி ஒரு கூடையை உள்ளே காயப்போட்டால் அதிலிருந்து மட்டும் இரண்டு லிட்டர் வரை சேரும். அடைத்த அறைக்குள் இது முழுவதும் போய்ச் சேரும் இடம் குளிர்ந்த சுவர்தான். ஆகவே துணிக்கொடியை அஞ்சடியில் கட்டுங்கள், சாரல் படாமல் மேலே கண்ணாடித் தகடு போட்டால் போதும். சோற்றுப் பானையை மூடி வைத்துச் சமையுங்கள். சமைக்கும்போதும் குளித்த பிறகும் அந்த அறையின் கதவைச் சாத்தி, வெளி சன்னலைத் திறந்துவிடுங்கள். அலமாரியை நடுச்சுவருக்கு, அதாவது அடுத்த அறையைப் பிரிக்கும் சுவருக்கு மாற்றுங்கள். இடமே இல்லையென்றால் நான்கு விரற்கடை தள்ளி, அடியில் இரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

சன்னலை எப்போது திறப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். இந்த மலையில் காலைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மேகம் மதியத்துக்குமேல் திரளும். ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவையுங்கள். பனி இறங்கத் தொடங்குவதற்கு முன் மூடிவிடுங்கள். வெளிக்காற்று ஈரமாயிற்றே என்று தயங்க வேண்டாம். 17 டிகிரியில் 90 விழுக்காடு ஈரப்பதத்தோடு உள்ளே வரும் காற்று, 22 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 66 விழுக்காடாகக் குறைந்துவிடும். வீட்டுக்குள் கொஞ்சம் கதகதப்பு இருந்தால்தான் இந்தக் கணக்கு பலிக்கும். எல்லாரும் வேலைக்குப் போய்விடும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமையாவது இதைச் செய்யுங்கள். மற்ற நாளில் வயதானவர் யாராவது வீட்டிலிருந்தால் அவரிடம் ஒப்படையுங்கள்.

ஏற்கெனவே படர்ந்த பூசணத்தை முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காயவிடுங்கள். டைல்ஸ், கண்ணாடி போன்றவற்றுக்கு குளோரோக்ஸ் கலந்த தண்ணீர் உதவும். அதோடு வினிகரையோ கழிப்பறை அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சுவாயு கிளம்பும். ஊறிப்போன மெத்தையை மட்டும் காப்பாற்ற முயல வேண்டாம்.

குளிர்

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. வெப்பநாடான மலேசியாவில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் நம் வீடுகள் பல இரவுகளில் அந்த அளவுக்குக் கீழே இருக்கின்றன. துரை பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் கட்டினார்கள். லயத்தில் குளிர்காய விறகடுப்பைவிட்டால் வேறில்லை. அடுப்படிதான் வீட்டின் நடுக்கூடமாக இருந்தது. பாட்டி அங்கே உட்கார்ந்திருப்பார், பிள்ளைகள் அங்கேயே எழுதிப் படிக்கும். எரிவாயு அடுப்பு வந்து புகையும் கண்ணெரிச்சலும் போனது பெரிய நன்மை. ஆனால் குடும்பம் கூடி உட்காரும் சூடான இடமும் சேர்ந்து போய்விட்டது. அந்த இடத்தை நாம் வேண்டுமென்றே திரும்ப உண்டாக்க வேண்டும். வீட்டில் ஓர் அறையை, முடிந்தால் அடுப்படியை ஒட்டிய அறையை, சூடான அறையாகத் தேர்ந்தெடுங்கள். கதவடி இடைவெளியைத் துணிச்சுருளால் அடையுங்கள். சன்னலுக்குக் கனத்த திரை. தகரக் கூரையின்கீழ் உட்கூரை. சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கீழே பலகை அல்லது ரப்பர் விரிப்பு, முதியவர்களுக்குக் கட்டில். உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சுவது காற்றைவிடத் தரைதான்.

பழைய உட்கூரைப் பலகைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். தெரியாமல் துளை போடவோ உடைக்கவோ வேண்டாம். அதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று: கரிச்சட்டியைப் பற்றவைத்து அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தாதீர்கள், சின்னச் சட்டியாக இருந்தாலும் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பிள்ளை பெற்ற வீட்டில் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சாம்பிராணிச் சட்டியை வைத்துவிட்டுத் தூங்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். எரிவாயுவில் தண்ணீர் சுடவைக்கும் கருவியைக் குளியலறைக்குள் மாட்டுவதும் அதே ஆபத்து.

வெளிச்சம்

மலேசிய நேரம் 1982 ஜனவரி 1 முதல் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் இங்கே சூரியன் ஏழு மணிக்குத்தான் எழுகிறது. மலை மறைக்கும் வீடுகளுக்கு எட்டு ஆகும். இருட்டில் எழுந்து, இருட்டில் பிள்ளைகளைக் கிளப்புகிறோம். மாலையில் மேகம் மூடிவிடுகிறது. வீட்டில் ட்யூப்லைட் எரிவதால் வெளிச்சம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் மேகமூட்டமான பகலில் வெளியே இருக்கும் வெளிச்சம் அறைவிளக்கைப்போல் பல மடங்கு. உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. இரவில் நல்ல தூக்கம் வருவதும் அதைப் பொறுத்ததே. ஆகவே வீட்டில் விலைமதிப்புள்ள இடம் கிழக்குச் சன்னல். அதன் முன்னால் நிற்கும் அலமாரியையும் தொலைக்காட்சியையும் நகர்த்திவிட்டு, ஒரு நாற்காலி போடுங்கள். காலைக் கோப்பி அங்கே. வேலைக்குப் போக முடியாத முதியவருக்குப் பகல் முழுக்க அந்த இடத்தைக் கொடுங்கள். நாம் நாலரை டிகிரி வட அகலக்கோட்டில் இருப்பதால் அக்டோபர் முதல் மார்ச் வரை வெயில் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து வரும். மழைக்காலத்தில் கிடைக்கும் கொஞ்ச வெயிலும் தெற்குச் சன்னல் வழியாகத்தான் வரும். அங்கே மரக்கிளை மறைத்தால் செப்டம்பரில் கழித்துவிடுங்கள்.

இரவில் இதற்கு நேர்மாறான தொல்லை. செவ்வந்திப்பூத் தோட்டங்களில் பூ முந்திவிடாமல் இருக்க இரவெல்லாம் விளக்கு எரிக்கிறார்கள். பக்கத்து வீடுகளின் சன்னலில் மஞ்சள் நிலவு காய்வது அதனால்தான். படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத திரை இங்கே ஆடம்பரமில்லை.

சன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதும் கணக்கில் வரும். ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பலருக்கும் தெரிந்தது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமாத்திரைகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. தேயிலைச் சரிவைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து அறை எடுக்கிறார்கள். கம்போங் ராஜாவில் பல வீடுகளுக்கு இன்று தெரிவது பிளாஸ்டிக் கூரைகள். அப்படியானால் கண்ணுக்கெட்டும் தூரத்தை நாமே நட்டு நிரப்ப வேண்டியதுதான். அஞ்சடி ஓரத்தில் ரோஜாவும் ஜெரேனியமும் வையுங்கள், குளிர் அவற்றுக்குப் பிடிக்கும். கீழே தளதளவென்று வளரும் கறிவேப்பிலை இங்கே மெதுவாகத்தான் வரும், வெயில் படும் சுவரோரம் வைத்துப் பொறுமையாக இருங்கள். தொட்டிகளை அறைக்குள் மட்டும் நிரப்பாதீர்கள். அதுவும் ஈரம்தான்.

வாசலில் நிற்க வேண்டியவை

மருந்தடித்த உடுப்போடு வீட்டுக்குள் நுழைவதை இந்த ஊரில் நான் வேறு எதையும்விடக் கவலையோடு பார்க்கிறேன். அப்பா வந்ததும் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்தக் கால்சட்டையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்வாசலில் ஒரு ஆணி, ஒரு மூடி போட்ட வாளி, ஒரு குழாய், மாற்றுடுப்பு ஒன்று. பூட்ஸும் உடுப்பும் அங்கேயே நிற்கட்டும். கைகாலைக் கழுவி உடுப்பு மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். மருந்துப் போத்தலை வீட்டில் வைக்க வேண்டாம், காலியானதைத் தண்ணீர் பிடிக்க எடுக்கவே வேண்டாம். பச்சைக் கோழிச்சாணம் போடும் காலத்தில் ஈ மொய்க்கும். அடுப்படிச் சன்னலுக்கு வலை அடிப்பது சில வெள்ளிச் செலவுதான்.

தோட்ட வீட்டில் இருப்பவர்கள், “இது நம் வீடா, எதற்குச் செலவு செய்ய வேண்டும்?” என்று கேட்பது நியாயம். ஒழுகும் கூரை, அடைத்த லோங்காங், ஊறும் சுவர் ஆகியவற்றைச் சரிசெய்வது வீடு கொடுத்தவரின் கடமை. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் வகுக்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டு, தோட்டம் மட்டுமின்றி மற்றத் துறைகளுக்கும் விரிந்தது. பெரட்டில் வாயால் சொன்னதோடு நிறுத்தாதீர்கள். படம் எடுத்து, தேதி போட்டு, நிர்வாகத்துக்குக் கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் நான்கு குடும்பம் சேர்ந்து கையெழுத்திட்டால் நல்லது, ஏனென்றால் சுவரும் கால்வாயும் எல்லாருக்கும் பொது. பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்கும் சங்கத்துக்கும் அந்தப் பிரதியோடு போங்கள். செடி, திரை, நாற்காலி, பலகைக் கட்டில் போன்று நாளைக்குக் கூடவே எடுத்துப் போகக்கூடியதில் மட்டும் உங்கள் காசைப் போடுங்கள்.

எப்போது தொடங்குவது? கேமரன் மலையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை உச்சத்தில் இருக்கும். ஜூன், ஜூலையில் சற்று ஓயும். கடிதத்தை மே மாதமே கொடுத்துவிடுங்கள். ஜூனில் பின்பக்க மண்ணை அகற்றி லோங்காங்கைச் சுரண்டுங்கள். சுவர் காயப் பல வாரம் பிடிக்கும். அலுமினியத் தாள் சோதனையை இன்னொரு முறை செய்து, உள்பக்கம் உலர்ந்திருந்தால் ஆகஸ்டில் சுண்ணாம்பு அடியுங்கள். செப்டம்பரில் அலமாரியைப் புது இடத்துக்கு மாற்றலாம். தீபாவளிக்குள் வீடு உலர்ந்திருந்தால், சோபாவைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.